'கமாண்டோ பயிற்சி' என்று பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி மையம் நடத்தும் அன்பர்களுக்கும், அங்கே மாஸ்டர்களாக நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன். கம்மவான்பேட்டையை எங்கள் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்தில் ஆள் இல்லாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் இருபத்து நான்கு வருடம் ஏ.எம்.சி.யில், அதாவது ராணுவ மருத்துவப் பிரிவில், நர்சிங் உதவியாளனாக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் மூன்றரை வருடம் ஒரு பாரா ஸ்பெஷல் ஃபோர்சஸ் யூனிட்டின், அதாவது வான்குடையில் குதிக்கும் ராணுவ கமாண்டோ பிரிவின், எம்.ஐ. ரூமில், அதாவது மருத்துவ அறையில், வேலை. நான் கமாண்டோ இல்லை. கமாண்டோ ஆக வந்தவர்களின் கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டவன், கைநரம்பு தேடி டிரிப் ஏற்றியவன், இரவு நடைப்பயிற்சியில் கடைசியாகப் போகும் வண்டியில் ஸ்ட்ரெச்சரோடு உட்கார்ந்து போனவன். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தேமுக்கால் இருக்கும். எங்கள் ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. அதில் முப்பது பையன்கள், தோளில் ஆளுக்கொரு மணல் மூட்டையுடன் ஓடிக்கொண்டிருந்தார்கள். கரையில் 'கமாண்டோ டே' என்று பேனர். ஒருவர் டிரோன் விட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்தேன். ஒரு பையன் மட்டும் வரிசையை விட்டு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனான், குடித்தவன் நடப்பதுபோல. பிறகு உட்கார்ந்துவிட்டான். "எழுந்திரு, கமாண்டோ உட்கார மாட்டான்" என்று மாஸ்டர் கத்தினார். எழுந்தான், நாலடி வைத்தான், விழுந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "மாமா, பஸ் போயிடுச்சா?" என்று கேட்டான். அவனை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

கழுத்தைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல் கொதித்தது. உடம்பெல்லாம் வியர்வை. "வேர்த்து ஊத்துது சார், ஒண்ணும் இல்லை, சாதாரண மயக்கம்தான்" என்றார் மாஸ்டர். இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. வெயில் காலத்தில் வீட்டில் கிடக்கும் வயதானவருக்கு வருகிற வெப்பத் தாக்குதலில் தோல் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஓடி ஓடி வருகிற தாக்குதலில் அப்படி இல்லை. வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும், உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பேச்சைக் கவனியுங்கள். வார்த்தை குழறினால், ஆளை மாற்றிச் சொன்னால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் மூளை சூடாகிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். ஆளைக் குளிர்விக்க வேண்டும், அதுவும் அரை மணி நேரத்துக்குள். குளிர்வித்த பிறகுதான் வண்டி.

பக்கத்தில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது நல்ல காலம். நாலு பையன்களை விட்டுத் தூக்கச் சொல்லி, கழுத்து வரை தொட்டித் தண்ணீரில் இறக்கினோம். தலையை நான் பிடித்துக்கொண்டேன். ஒருவன் ஓடிப்போய் ரோட்டோரம் மீன் விற்கிறவரிடமிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து போட்டான். கிட்டத்தட்ட இருபது நிமிடம். முதலில் பற்கள் தந்தியடித்தன. பிறகு "ஏன்டா என்னைத் தண்ணியில போட்டீங்க?" என்று நண்பனைப் பெயர் சொல்லிக் கேட்டான். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. 108 வந்தது, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள், பிழைத்துவிட்டான். அந்த மையத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மாஸ்டர் கெட்டவரும் இல்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதவர் அவர். "ஸ்பெஷல் ஃபோர்ஸ்ல இப்படித்தானே சார் பண்ணுவாங்க? வீடியோல பார்த்தேனே" என்று கேட்டார்.

அவருக்கு அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாரா ஸ்பெஷல் ஃபோர்சஸுக்கு விருப்பம் கொடுத்து வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் ப்ரொபேஷன், அதாவது தகுதி பார்க்கும் பயிற்சி, நடக்கும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். தூக்கம் கிடையாது, முதுகில் 'பிட்டு' என்கிற பை கனக்கும், 'ரகடா' என்கிற தண்டனைப் பயிற்சி உண்டு, சேற்றில் புரள்வதும் உண்டு. இதெல்லாம் நீங்கள் வீடியோவில் பார்த்தது. எம்.ஐ. ரூமிலிருந்து நான் பார்த்தது ஒன்று உண்டு. ஓர் உஸ்தாத், அதாவது பயிற்சி தருகிறவர், இருந்தார், வடக்கே கர்வால் மலைப்பக்கத்துக் கர்வாலி. பகலில் அவர் குரல் கேட்டாலே பையன்களுக்கு வயிறு கலங்கும். முப்பது கிலோமீட்டர் நடை முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாரும் பூட்ஸைக் கழற்றிப் போட்டு விழுந்து கிடப்பார்கள். அந்த மனிதர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொருவர் பாதத்தையும் இரண்டு கையாலும் பிடித்து விரல் இடுக்கு வரை பார்ப்பார். யாருக்குக் கொப்புளம் பழுத்திருக்கிறது, யார் நொண்டுவதை மறைக்கிறான் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து, காலையில் என்னிடம் தருவார். யாருடைய மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது என்பதுகூட அந்த நோட்டில் இருக்கும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கப் போகிறது என்பதற்கு அது அறிகுறி. மூன்றரை வருடத்தில் அவர் கையில் ஓர் உயிர்கூடப் போனதில்லை.

நடை முடிந்ததும் பயிற்சி முடிந்துவிடாது. ஒரு தட்டில் இருபது சாமான்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிடுவார்கள். தோட்டா, பொத்தான், கிழிந்த டிக்கெட், சாவி என்று ஏதேதோ இருக்கும். இரண்டு நாள் தூங்காதவன் அதை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். வரைபடத்தில் வந்த வழியைக் குறிக்க வேண்டும். உடம்பை ஒடுக்குவது எதற்கென்றால், ஒடுங்கிய உடம்புக்குள் புத்தி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். மரத்தடியில் மயங்கிக் கிடந்த கூட்டாளியை விட்டுவிட்டு முதலாவதாக வந்து நின்றவனை அன்றைக்கே திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மைதானத்தில் அவனுக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும்.

இவ்வளவு கவனம் இருந்தும் உலகத்தின் பெயர்பெற்ற படைகளிலேயே அது தவறிப் போயிருக்கிறது. பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். பற்றி உங்களுக்குத் தெரியும், உங்கள் பலகைகளில் அதன் சிறகு முளைத்த குத்துவாளையே பார்த்திருக்கிறேன். 2013 ஜூலை 13 அன்று வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் அதன் ரிசர்வ் பிரிவுக்கான தேர்வு நடை. 16 மைல், முதுகில் இருபது கிலோவுக்கு மேல் சுமை. அன்றைக்கு அங்கே வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. வேலூரில் அது மார்கழி மதியம். இரண்டு பேர் அன்றே மலையில் இறந்தார்கள், மூன்றாமவர் இரண்டு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். ஆள் எங்கே இருக்கிறான் என்று காட்டும் கருவி அவர்கள் உடம்பில் மாட்டியிருந்தது. ஆள் நகராமல் கிடப்பதை அது காட்டியும் உரிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்பே வேறு சிலர் வெப்பத்தால் சுருண்டு விழுந்திருந்தார்கள், அப்போதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும். வெயிலில் பயிற்சி நடத்துவதற்கு ராணுவமே எழுதி வைத்த விதிமுறை இருந்தது, நடத்தியவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 2015இல் மரண விசாரணை அதிகாரி, அலட்சியமும் இந்த மரணங்களுக்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதினார். அந்த மூன்று பேரும் மனவுறுதி இல்லாமல் சாகவில்லை. உறுதி அதிகமாக இருந்ததால் நிற்காமல் நடந்தார்கள்.

அடுத்தது அமெரிக்கக் கடற்படையின் சீல் படை. கலிபோர்னியாவில் கொரொனாடோ கடற்கரையில் அதன் தேர்வுப் பயிற்சி நடக்கும். அதில் 'நரக வாரம்' என்று ஒன்று. ஐந்தரை நாள், குளிர்ந்த கடல் நீர், தலைமேல் ரப்பர் படகு, மொத்தத் தூக்கமே நாலு மணி நேரம் போலத்தான். முடியாதவன் போய் மூன்று முறை மணி அடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கலாம். நம் ஊர் ரீல்ஸில் அதிகம் சுற்றுவது இந்த மணிதான். 2022 பிப்ரவரி 4 அன்று கைல் மல்லன் என்ற 24 வயதுப் பையன் அந்த வாரத்தை முழுசாக முடித்தான். மணி அடிக்கவில்லை. முடித்த சில மணி நேரத்தில் இறந்துபோனான், நுரையீரலில் நிமோனியா. வாரம் நடக்கும்போதே மூச்சுத் திணறி அவனுக்கு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் பரிசோதித்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவர்கள் மருத்துவம் தெரியாத இளம் பயிற்சி வீரர்கள். அவன் தாய் ஒரு நர்ஸ். அவர் விடாமல் கேட்டார். 2023இல் வெளிவந்த கடற்படையின் விசாரணை அறிக்கை, மருத்துவக் கண்காணிப்பு சீராக இல்லை, பையன்களைப் பெரிய ஆபத்தில் வைத்திருந்தது என்று ஒப்புக்கொண்டது. அதன்பின் நரக வாரம் முடித்தவர்களைக் கண்காணிக்கும் முறையையே மாற்றினார்கள். அதே சமயம் உடல்வலுவுக்குப் போடும் ஊக்கமருந்துப் பழக்கமும் அந்த முகாமில் வெளியே வந்து, அதற்கும் தனியாகச் சோதனை ஆரம்பித்தார்கள். ஜிம்மிலிருந்து 'ஊசி' வாங்கிவரும் பையன்கள் உங்களிடமும் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அந்தத் தாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தத்தை வைத்தே நிமோனியாவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருத்தியின் பிள்ளை, பக்கத்தில் அது தெரிந்த ஆள் இல்லாமல் செத்திருக்கிறான்.

இந்தப் படைகளுக்குப் புகழ் எப்படி வந்தது என்பதையும் பையன்களுக்குச் சொல்லுங்கள். எஸ்.ஏ.எஸ். 1941இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் உருவான படை. ஆனால் உலகம் முழுக்க அதன் பெயர் பரவியது 1980 மே 5 அன்று, லண்டனில் இருந்த இரான் தூதரகத்தில் பிணைக்கைதிகளை மீட்டபோதுதான். டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். கறுப்பு உடை, முகமூடி, பால்கனியில் வெடி, 17 நிமிடம். ஜனங்கள் பார்த்தது அந்த 17 நிமிடத்தை. அதற்கு முந்தைய நாட்களில் அவர்கள் அந்தக் கட்டடத்தைப் போலவே ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி கட்டி, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னல் பலப்படுத்தப்பட்டது என்று கட்டடத்தைப் பராமரித்தவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒத்திகை பார்த்தார்கள். அதற்குப் பத்துப் பதினோரு நாளைக்கு முன்னால்தான் அமெரிக்காவின் டெல்டா படை, இரானில் சிறைப்பட்ட தன் நாட்டவரை மீட்கப் போய், பாலைவனத்தில் புழுதிப்புயலிலும் ஹெலிகாப்டர் பழுதிலும் சிக்கித் திரும்பியது. திரும்பும்போது ஹெலிகாப்டரும் விமானமும் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். டெல்டாக்காரர்களின் தண்டால் கணக்கு எஸ்.ஏ.எஸ்.காரர்களுடையதைவிடக் குறைந்ததா? உடம்பில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. வெவ்வேறு பிரிவுகள் அதற்கு முன் ஒன்றாக முழு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அந்தப் படிப்பினையிலிருந்துதான் பின்னால் 1987இல் அமெரிக்காவின் சிறப்புப் படைகளுக்கெல்லாம் ஒரே தலைமையகம் வந்தது.

நம் பக்கத்திலும் அதே கதைதான். 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய சின்ன அணியிலிருந்து, 1966இல் '9 பாரா கமாண்டோ' என்ற பட்டாலியன் பிறந்தது. 1971 டிசம்பரில் அது பூஞ்ச் பகுதியில் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து மண்டோல் என்ற இடத்தில் பாகிஸ்தான் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்தது. அதற்கு வீடியோ கிடையாது. போனவர்கள் ஊருக்கு வந்து சொல்லிக்கொண்டதும் இல்லை. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலை எல்லாரும் பார்த்தோம். என்.எஸ்.ஜி. எனும் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் தாஜ் ஓட்டலில் அறை அறையாகப் போனதைப் பேசுகிறோம். அவர்கள் டெல்லிக்குப் பக்கத்து மானேசரிலிருந்து மும்பைக்கு வந்துசேர மறுநாள் காலை ஆகிவிட்டது. வீரத்தில் ஒரு குறையும் இல்லை. விமானமும் தூரமும்தான் சிக்கல். அதனால்தான் 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. மையம் திறந்தார்கள். மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் படத்தை உங்கள் மையங்களில் மாட்டியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட்டின் படமும் இருக்க வேண்டும். அதே தாக்குதலில் மும்பையின் நரிமன் ஹவுஸ் கட்டடத்தில் இறந்தவர் அவர். உங்களிடம் வரும் பையன்களில் பெரும்பாலானோர் அவரைப்போல சிப்பாயாகத்தான் சேரப் போகிறார்கள்.

இன்னொன்றை எழுதத் தயங்கினேன், எழுதாமலும் இருக்க முடியவில்லை. 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படையின் '10 பாரா கமாண்டோ' பட்டாலியன் வீரர்களையும் 13வது சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூனையும் ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். எதிர்த்தரப்பான விடுதலைப் புலிகளுக்கு இவர்கள் வருகை முன்பே தெரிந்திருந்தது. சீக்கியப் பிளட்டூனில் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் சுற்றியிருந்த வீடுகளுக்குள் புகுந்து மறுநாள் டாங்கிகள் வரும்வரை சண்டையிட்டு, தங்களிலும் ஆட்களை இழந்து வெளியேறினார்கள். அந்த வீடுகளில் நம்மைப்போலத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்து ஜனங்களுக்கு அந்த அக்டோபர் மாதம் ஆறாத காயம். படை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அனுப்புகிறவனுக்குத் தகவல் தப்பாக இருந்தால் அதைத் தாங்குவது படைவீரனும் அந்த ஊர்க்காரனும்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த சுபேதார் அன்றிரவு அங்கே இருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். உங்கள் வகுப்பில் அந்த இரவை 'மாஸ் சம்பவம்' என்று பின்னணி இசை போட்டுக் காட்டுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெயர் ஒரு படையின் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. கனடாவில் வான்குடைப் படை ஒன்று இருந்தது, அந்த நாட்டின் பெருமை. 1993இல் சோமாலியாவுக்கு அமைதி காக்கப் போன இடத்தில், ஷிடேன் அரோன் என்ற 16 வயதுப் பையனைப் பிடித்து அடித்தே கொன்றார்கள். பிறகு அந்தப் படைக்குள் புதியவர்களை மூத்தவர்கள் அசிங்கப்படுத்தும் சடங்குகளின் வீடியோக்கள் வெளியே வந்தன. 1995இல் கனடா அந்தப் படையையே கலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் எஸ்.ஏ.எஸ். படை இன்னும் பெயர்பெற்றது. 2020 நவம்பரில் வந்த பிரெரட்டன் அறிக்கை, ஆப்கானிஸ்தானில் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாகச் சொன்னது. புதிதாக வந்த சிப்பாய்க்கு 'முதல் ரத்தம்' காட்ட, கைதியைச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படையின் ஒரு ஸ்குவாட்ரனையே பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், சில மையங்களில் பழைய பையன்கள் புதியவர்களை இரவில் எழுப்பி பெல்ட்டால் அடிப்பதை 'வெல்கம்' என்று சொல்கிறார்கள். மாஸ்டருக்குத் தெரிந்தேதான் நடக்கிறது. "நாளைக்கு எதிரி அடிச்சா தாங்கணும்ல" என்று ஒரு பையன் முதுகைக் காட்டி என்னிடம் பெருமையாகவே சொன்னான். அவனுக்குப் பதினேழு வயது. அடி வாங்கிப் பழகியவன் அடுத்து அடிக்கப் பழகுவான். துப்பாக்கி கையில் வருவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் ராணுவம் அதை மறக்கடிக்கவே வருடக்கணக்கில் மெனக்கெட வேண்டும்.

பாரா படைக்காரர்கள் அணியும் மெரூன் தொப்பி பற்றியும் பேச வேண்டும். 2019 உலகக் கோப்பையில் தோனி தன் கீப்பிங் கையுறையில் பாரா ஸ்பெஷல் ஃபோர்சஸின் 'பலிதான்' சின்னம் வைத்து ஆடினார், ஐ.சி.சி. நீக்கச் சொன்னது, ஞாபகம் இருக்கும். சென்னைக்காரர்கள் பலர் அன்றைக்குத்தான் அந்தச் சின்னத்தின் பெயரையே கேட்டார்கள். பாரா ரெஜிமென்ட்டில் கௌரவ லெப்டினென்ட் கர்னலாக இருந்தும், ஆக்ராவில் போய் ஐந்து முறை வான்குடையில் குதித்த பிறகுதான் அவர் மார்பில் சிறகுச் சின்னம் ஏறியது. இன்று அதே தொப்பியும் சின்னமும் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. உங்கள் மையத்தில் முதல் மாதக் கட்டணத்தோடு சேர்த்தே கொடுக்கிறீர்கள். ப்ரொபேஷனில் கடைசி நாள் ஒருவன் அந்தப் பலிதான் சின்னத்தை வாங்கிக்கொண்டு எம்.ஐ. ரூமுக்கு வந்தான். கைகள் வீங்கியிருந்ததால் அவனால் குத்த முடியவில்லை, என்னைக் குத்திவிடச் சொன்னான். என் கை நடுங்கியது. அதனால்தான் கேட்கிறேன், அதைப் பையன்களுக்கு விற்காதீர்கள்.

உண்மையைச் சொல்லிச் சேருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'என்.எஸ்.ஜி. நேரடித் தேர்வுக்குப் பயிற்சி' என்று திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பலகை பார்த்தேன். என்.எஸ்.ஜி.க்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதே கிடையாது. ராணுவத்திலிருந்தும் மத்திய போலீஸ் படைகளிலிருந்தும் வருகிறவர்கள்தான். கடற்படைக் கமாண்டோ பிரிவான மார்கோஸுக்கு முதலில் கடற்படையில் சேர வேண்டும், பிறகு விருப்பம் கொடுக்க வேண்டும். நீங்கள் தரும் 'கமாண்டோ சான்றிதழுக்கு' எங்கேயும் மதிப்பு இல்லை. என்.சி.சி. சான்றிதழுக்குப் போனஸ் மதிப்பெண் உண்டு, அதற்கு ஒரு பைசா செலவில்லை, அதைச் சொல்லுங்கள். 2022இலிருந்து அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம்தான். நாலு வருட வேலை, அதில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டும் அப்பாவிடம் இதை முதல் நாளே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. இப்போது முதலில் ஆன்லைன் தேர்வு, அதில் தேறினால்தான் ஓட்டம். மைதானத்தில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண், பத்து புல்லப் எடுத்தால் முழு மதிப்பெண். மே மாதம் பதினோரு மணி வெயிலில் மணல் மூட்டையோடு ஓடவிடுவதற்கு அந்த விதியில் எங்கேயும் இடம் இல்லை.

ஓட்டத்தைக் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். புதிதாக வரும் பையனுக்கு வெயில் பழக இரண்டு வாரம் கொடுங்கள், முதல் நாளே பழையவர்களோடு ஓடவிடாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சொல்பவனை உட்கார வையுங்கள், அதற்காகக் கிண்டல் செய்யாதீர்கள். தண்ணீர் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் குடிக்க வைப்பதும் ஆபத்துதான், உப்பு குறைந்து வலிப்பு வந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீரும், ஒரு பெட்டியில் ஐஸும் இருக்கட்டும். டிரோனுக்குச் செலவழிக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கிணறும் ஏரியும் நிறைந்திருக்கும் மாதங்களில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். நம் பையன்கள் பலருக்கு நீந்தத் தெரியாது, கடற்படைக் கனவோடு வந்து நிற்கிறார்கள். ஒரு நாள் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து ஜவ்வாது மலை அடிவாரத்தில் வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு யாரிடம் கமாண்டோவுக்கான குணம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தோற்றுப் போகும் பையனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எங்கள் யூனிட்டில் ப்ரொபேஷன் தேறாதவனைத் திருப்பி அனுப்பும்போது அந்தக் கர்வாலி உஸ்தாத் அவனோடு சேர்ந்து டீ குடித்து, பை தூக்கிக்கொண்டு கேட் வரை நடந்து போவார். அவன் பழைய யூனிட்டில் நல்ல சிப்பாய், அந்த மரியாதையோடு அவன் போக வேண்டும் என்பார். உங்கள் மையத்தில் ஓட்டத்தில் கடைசியாக வந்தவனைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்து வீடியோ எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன். அந்த வீடியோ அவன் அம்மாவின் போனுக்கும் போயிருக்கிறது.

அன்றைக்குத் தொட்டியில் இறக்கிய பையன் இப்போது தேறிவிட்டான். மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறான், மெதுவாக, விடியற்காலையில், நான் கரையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். அவனுடைய மாஸ்டரும் கூடவே வருகிறார். வெப்பத் தாக்குதலை அடையாளம் காண்பது, ஆளைத் தூக்குவது, குளிர்விப்பது என்று ஞாயிறுதோறும் அவருக்கும் இன்னும் நாலு மாஸ்டர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம். தொட்டிக்காரரிடமும் பேசிவிட்டேன். பங்குனி பிறந்ததும் ஞாயிறு காலையில் ஐந்து மணிக்கே மோட்டார் போட்டு, எட்டு மணி வரை தொட்டியை நிறைத்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு ஏ.எம்.சி. ஹவில்தார்